ஒரு கரட் என்றால் எவ்வளவு?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், தெமோதரையில், நூற்றாண்டு நிதி நகைக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுப் புலமைப்பரிசில் நிதிக்குப் பழைய நகை இருந்தால் தந்துதவுங்கள் என்று சங்கம் கேட்டபோது, இவ்வளவு வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் இருப்பவர்கள் கையோடு கொண்டுவந்து தந்தார்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் இருப்பவர்கள் ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய அக்காமாரின் மகள்மாரும், தாங்கள் படிக்காத ஒரு பாடசாலைக்காக, அம்மாவின் நகையை அனுப்பினார்கள். அவற்றை நிறுத்துப் பதிவு செய்யும் வேலை எங்களிடம் வந்தது. எங்களில் சிலர் கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் வேலை செய்தவர்கள். ஒருவர் கல் பட்டை தீட்டும் இடத்தில் பல வருடம் இருந்தவர். ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர்.

தங்கத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை. கல்லில்தான் வந்தது. பற்றுச்சீட்டு போய்ச் சேர்ந்த சில நாளில் தொலைபேசி வரும். "அம்மா ஒரு கரட் வைரம் என்றுதானே சொன்னார், நீங்கள் 0.70 என்று எழுதியிருக்கிறீர்களே?" யாரும் கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் நகையைக் கொடுத்துவிட்டு ஒரு சந்தேகத்தையும் மனதில் வைத்துக்கொண்டு ஒருவரும் இருக்கக்கூடாது. அதனால்தான் தலைவியிடம் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 22 கரட் தங்கம் என்கிறோம், ஒரு கரட் வைரம் என்கிறோம். இரண்டும் ஒரே கரட் அல்ல. தங்கத்தின் கரட் தூய்மையைச் சொல்கிறது: இருபத்துநான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம், மிச்சம் வேறு உலோகம். வைரத்தின் கரட் நிறையைச் சொல்கிறது. வெலிமடையில் விளைகிற கரட்டையும் சேர்த்தால் மூன்று கரட் ஆகிவிடும், அதை இன்றைக்கு விட்டுவிடலாம்.

வைரத்தின் ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். ஐந்து கரட் சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு கரட்டை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பொயின்ட். சென்னைக் கடைகளில் அதையே சென்ட் என்பார்கள். ஆகவே "இருபத்தைந்து சென்ட் கல்" என்று கூடலூரிலிருந்து எழுதியவரும், "கால் கரட்" என்று லண்டனிலிருந்து எழுதியவரும் ஒரே நிறையைத்தான் சொல்கிறார்கள்: 50 மில்லிகிராம்.

இந்தக் கரட் எங்கிருந்து வந்தது? மத்தியதரைக் கடலோரத்தில் வளர்கிற கரோப் மரத்தின் விதையிலிருந்து. அந்தக் காயின் வளைவைப் பார்த்துக் கிரேக்கர்கள் சின்னக் கொம்பு என்ற பொருளில் வைத்த பெயர் பல வாய்களைக் கடந்து கரட் ஆயிற்று. கரோப் விதைகள் எல்லாம் ஒரே நிறையில் இருக்கும், அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நெடுங்காலமாகப் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். 2006இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் நிறுத்துப் பார்த்தபோது, மற்ற விதைகளைப் போலவே அவையும் கூடிக் குறைந்துதான் இருந்தன.

அவர்களுக்குக் கரோப் என்றால் நமக்கு மஞ்சாடியும் குன்றிமணியும். மரத்தடியில் சிவப்பு மஞ்சாடி விதை பொறுக்கிப் பல்லாங்குழி ஆடாதவர்கள் இங்கே குறைவு. நாங்கள் விளையாடிய அந்த விதைதான் பொன்னும் மணியும் நிறுத்த படி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கணக்கு ஆயிரம் வருடங்களாக அந்தக் கோயில் கல்லில் இருக்கிறது. பொன்னை "ஆடவல்லான்" என்று பெயரிட்ட நிறைகல்லாலும், மணி பதித்த நகைகளைத் "தட்சிணமேருவிடங்கன்" என்ற நிறைகல்லாலும் நிறுத்தோம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. நகைக்குள் இருக்கும் அரக்கையும் சேர்த்து நிறுத்தது என்றால், அதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை கடைப் பற்றுச்சீட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறது?

விதையை விட்டு உலோகப் படிக்கு வந்த பிறகும் ஊருக்கு ஒரு கரட்தான் இருந்தது. புளோரன்ஸ் நகரக் கரட் ஏறத்தாழ 197 மில்லிகிராம், லண்டன் கரட் ஏறத்தாழ 205. லண்டனில் வாங்கிய பத்துக் கரட் கல்லை எடுத்துக்கொண்டு புளோரன்சுக்குப் போனால், வழியிலேயே பத்தரைக்குக் கிட்ட வளர்ந்துவிடும். 1907இல்தான் 200 மில்லிகிராம் என்ற மெட்ரிக் கரட்டைச் சர்வதேச அளவில் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கா 1913இலும் பிரித்தானியா 1914இலும் அதற்கு மாறின. நம் சங்கத்தைத் தொடங்கிய அக்காமாரின் காலத்தில் இந்தக் கரட் புத்தம் புதியது. அவர்கள் வீட்டு நகைகளின் பழைய சீட்டுகளில் உள்ள கரட் இதுவாக இல்லாமலும் இருக்கலாம். 1905இல் தென்னாபிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் அன்றைய லண்டன் கணக்கில் 3,025¾ கரட். இன்றைய புத்தகங்களில் அதுவே 3,106 கரட். கல் அதே கல்தான், இரண்டு கணக்கிலும் 621 கிராம் சொச்சம். முப்பாட்டியின் சீட்டில் ஒன்றும் எங்கள் சீட்டில் சற்றுக் கூடுதலாகவும் இருந்த ஒரு மூக்குத்திக்கு இதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இனித் தராசு. நம்மில் பாதிப் பேர் கொழுந்து மடுவத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவர்கள். கூடைக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழிவு பிடித்த பிறகுதான் அம்மாவின் பேருக்கு நேரே கிலோ விழும். கூடையைக் கழிப்பது நியாயம். மொத்த நிறையிலிருந்து பாத்திரத்தின் நிறையைக் கழித்தால்தான் உள்ளே இருப்பதன் நிறை தெரியும். ஆனால் கூடையை ஒருநாளும் தனியாக நிறுத்துக் காட்டாமல், ஒரு தொகையை வாயால் சொல்லிக் கழித்தால் அது வேறு விஷயம். அந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் பாடப் புத்தகத்தில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வைரம் நிறுப்பதிலும் கேள்வி அதுதான்.

கழற்றிய கல்லாக இருந்தால் வேலை சுலபம். கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் மின்தராசில் சின்னத் தட்டை வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். கண்ணாடிக் கூடு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். மூச்சுக்காற்றே கடைசி இலக்கத்தை ஆட்டிவிடும், அதற்காகத்தான். சாதாரண நகைக்கடைத் தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரைக்கும்தான் காட்டும். தங்கத்துக்கு அது போதும். வைரத்தில் அந்த ஒரு இலக்கம் ஐந்து பொயின்ட். சின்னக் கல்லென்றால் அதன் பாதி நிறையே அந்த இலக்கத்துக்குள் போய்விடும்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியை விடாப்பிடியாகச் சேர்க்கச் சொன்ன ஒரு குறிப்பு: கரட் என்பது திணிவு. இரண்டு தட்டுத் தராசு கல்லைப் படியோடு ஒப்பிடுகிறது, ஆகவே எந்த ஊரிலும் ஒரே விடை சொல்லும். மின்தராசு அப்படியல்ல, புவியீர்ப்பு விசையை அளந்து அதைத் திணிவாகக் காட்டுகிறது. கடல் மட்டத்தில் சரிபார்த்த தராசை ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து அப்படியே வைத்தால், பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு குறைத்துக் காட்டும். தெமோதரைக் காற்றில் கல் மெலிந்துவிடுகிறது என்று நாங்கள் சிரித்தோம். அதனால் ஒவ்வொரு நாளும் காலையில் இங்கேயே படி வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

வந்தவற்றில் பெரும்பாலானவை கழற்றிய கற்கள் அல்ல, நகையில் கட்டிய கற்கள். எங்களிடம் தந்த நகையை உடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை, உரிமையும் இல்லை. கட்டிய கல்லைத் தராசில் வைக்க முடியாது, அளந்து மதிப்பிடத்தான் முடியும். வட்டமாகப் பட்டை தீட்டிய வைரத்துக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, பிறகு 0.0061ஆல் பெருக்க வேண்டும். எல்லாம் மில்லிமீற்றரில். விட்டம் 6.5, உயரம் 3.9 என்றால் விடை கிட்டத்தட்ட சரியாக ஒரு கரட். விட்டம் 3, உயரம் 1.8 என்றால் பத்துப் பொயின்ட். இதில் கவனிக்க வேண்டியது, அகலம் பாதிக்குக் கிட்ட வந்தபோது நிறை பத்தில் ஒன்றாகிவிட்டது. கண் அகலத்தைப் பார்க்கிறது, தராசு கனத்தைப் பார்க்கிறது. "ஒரு கரட்டைவிட இரு மடங்கு பெரிதாகத் தெரிகிறதே, இரண்டு கரட் இருக்குமா?" என்று ஒரு தங்கை கேட்டார். உண்மையிலேயே இரு மடங்கு அகலமென்றால் அது எட்டுக் கரட், தங்கச்சி!

மூடிக் கட்டிய பழைய தோடுகளில் கல்லின் உயரம் தெரியாது. அங்கே விட்டத்தில் அறுபது வீதத்தை உயரமாகக் கொண்டு கணக்கிட்டு, "மதிப்பீடு" என்று பற்றுச்சீட்டில் எழுதினோம். அந்தச் சொல் இருக்கும் சீட்டு உங்களிடம் இருந்தால், கல்லைக் கழற்றி நிறுத்தால் இலக்கம் சற்று மாறலாம் என்று அர்த்தம். அடிவயிறு பெருத்த கல்லாக இருந்தால் கூடும். நம் நாட்டு நீலக்கற்களைப் பாருங்கள், நிறத்தையும் நிறையையும் இழக்கக்கூடாது என்று பட்டை தீட்டுபவர்கள் அடியைக் கனமாக விட்டுவிடுவார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கனத்தால் ஒரு பயனுமில்லை, ஆனால் கரட்டுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

கல்லின் நிறை அதன் பெயரையும் சொல்லிவிடும் என்பதற்கு ஒரு சம்பவம். கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு சோடி ஒற்றைக்கல் தோடு வந்தது. அந்த அக்காவின் பாட்டி பதுளையில் வாங்கியதாகவும், கப்பலேறும்போது முந்தானையில் முடிந்து கொண்டுபோனதாகவும், வீட்டில் எந்தக் கஷ்டத்திலும் விற்காத வைரம் என்றும் கூடவே ஒரு கடிதம். பொதியைத் திறந்தபோது ஒரு கல் பிடியிலிருந்து கழன்று தனியாகக் கிடந்தது. விட்டம் 6.5, உயரம் 3.9. வைரமென்றால் ஒரு கரட் வர வேண்டும். தராசு 1.32 காட்டியது. இரண்டாம் முறையும் 1.32.

ஒரே அளவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம் என்றால், அது வைரத்தைவிட அடர்த்தியான வேறொரு பொருள். வைரத்தின் அடர்த்தி 3.52, சிர்க்கோனின் அடர்த்தி 4.6, 4.7 அளவில். பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் பார்த்தோம். பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. வைரத்தில் அப்படித் தெரியாது, சிர்க்கோனில் தெரியும். அது மாத்தறை வைரம். நிறமில்லாத சிர்க்கோன் கல்லுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள பெயர் அது. இலங்கை மண்ணில் வைரம் விளைவதில்லை, ஆனால் வைரம் என்ற பெயரை மாத்தறை இந்தக் கல்லுக்குக் கொடுத்துவிட்டது.

சீட்டில் எழுதுவதற்கு முன்னால் அக்காவோடு பேசினோம். வெகு நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப கல்லு பொய்யா?" என்றார். பொய்யில்லை அக்கா, கண்ணாடியும் இல்லை, நம் நாட்டு இயற்கைக் கல், பெயர்தான் வேறு என்றோம். வைரத்தின் விலை கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். பாட்டிக்குத் தெரிந்தே வாங்கினாரா, வைர விலை கொடுத்து வாங்கினாரா என்பதை இனி யாரிடம் கேட்பது? இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். தங்கத்தை நிதிக்கு எடுத்துக்கொண்டு, கற்களைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அடர்த்தி கணக்கிடுவது அந்தக் கற்களை வைத்துத்தான்.

அடுத்தது, எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது. வெளிநாட்டில் வைரம் வாங்குகிற தங்கைமாரைவிட, இங்கே லயத்தில் இருந்துகொண்டு பிள்ளையின் படிப்புக்கோ மருந்துக்கோ தோட்டை அடகு வைக்கிற அம்மாமாருக்காக இதைச் சொல்கிறோம். சில கடைகளில் கல் பதித்த நகை வாங்கும்போது கல்லும் சேர்ந்து தங்க விலையில் நிறுபடும். அதே நகையை அடகு வைக்கப் போனால் "கல்லுக்குக் கழிவு" என்று ஒரு தொகை கழியும். கழிப்பது நியாயம்தான், எவ்வளவு என்பதுதான் கேள்வி. எங்களிடம் வந்த ஒரு சோடி ஏழுகல் தோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல் ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர், பத்துப் பொயின்ட். பதினான்கு கல்லும் சேர்ந்து 1.40 கரட். கிராமில் வெறும் 0.28. அதற்கு ஒரு கிராம் கழித்தால், முக்கால் கிராமுக்குக் கிட்டத் தங்கம் கணக்கில்லாமல் போகிறது. ஒரு தோட்டத் தொழிலாளியின் பத்து நாள் சம்பளத்துக்கு அது குறையாது. அரக்கு உள்ளே இருந்தால் அதற்கும் நிறை உண்டு, ஆனால் அதைத் தனியாகச் சொல்லிக் கழிக்க வேண்டும். ஐந்து கரட் ஒரு கிராம் என்ற ஒரே ஒரு கணக்கை உங்கள் அம்மாவுக்கும் மாமிக்கும் சொல்லிக்கொடுங்கள். "கல்லு எத்தன கரட்டுன்னு கழிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். செட்டியார் தெருவில் அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்கள் என்பதால் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

"ஒரு கரட் மோதிரம்" என்று வந்த இன்னும் சில, பத்துப் பன்னிரண்டு சின்னக் கற்களின் கூட்டு நிறை. சீட்டில் பொய் எதுவும் இல்லை, ஆனால் ஒற்றைக் கல் ஒரு கரட்டும், கூட்டி வந்த ஒரு கரட்டும் விலையில் கிட்டவும் நிற்காது. மன்னார் முத்து வியாபாரிகள் இதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். முத்துகளின் மொத்த மஞ்சாடி நிறையை அதே எண்ணால் பெருக்கி, அதில் முக்கால் எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். பத்து மஞ்சாடியில் ஒரே முத்து என்றால் 75 வரும். அதே பத்து மஞ்சாடி பத்து முத்தாக இருந்தால் ஏழரை. நிறை ஒன்று, மதிப்பு பத்தில் ஒன்று. 2021இல் இரத்தினபுரியில் கிணறு வெட்டும்போது கிடைத்ததாக உலகச் செய்தியான நீலக்கல் கொத்து உங்களுக்கு ஞாபகமிருக்கும். 510 கிலோ, 25 இலட்சம் கரட் என்றார்கள். கிலோவுக்கு ஐந்தாயிரம் கரட் என்று பெருக்கினால் கணக்கு சரிதான். ஆனால் அது கொத்தின் நிறை. உள்ளே பட்டை தீட்டத் தகுந்த கல் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. கூடையோடு நிறுத்த கொழுந்து மாதிரி.

டொரண்டோவிலிருந்து சான்றிதழோடு வந்த ஒரு கல்லில் 0.99 என்று இருந்தது. எங்கள் தராசு 0.998 காட்டியது. அதை ஏன் ஒன்று என்று எழுதக்கூடாது என்று அந்தத் தங்கை கேட்டார். ஜீ.ஐ.ஏ. என்ற அமெரிக்க இரத்தினக்கல் ஆய்வு நிறுவனத்தின் முறைப்படி மூன்றாவது தசம இலக்கம் ஒன்பதாக இருந்தால் மட்டுமே மேலே ஏற்றலாம். எட்டாக இருந்தால் விட்டுவிட வேண்டும். முழு ஒரு கரட் என்றவுடன் விலை ஒரு படி ஏறுவதால் இந்தக் கண்டிப்பு. நாங்களும் 0.99 என்றே எழுதினோம். தெமோதரை உயரத்துக்கு ஏதாவது சேர்த்துத் தருவீர்களா என்று அவரும் விடவில்லை.

எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு நகைக்கும் மொத்த நிறை, கல்லின் நிறை கரட்டிலும் கிராமிலும், அது நிறுத்ததா மதிப்பிட்டதா, அரக்கு இருந்தால் அதன் குறிப்பு, எஞ்சிய தங்கம் என்று எல்லாம் இருக்கிறது. ஒருவர் நிறுத்தால் இன்னொருவர் வாசித்து, மூன்றாமவர் எழுதினார். பெரிய கற்களைக் கொழும்பில் தேசிய இரத்தினக்கல், தங்க ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக்கு அனுப்பச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. முடிவு வந்ததும் உரியவர்களுக்குத் தனித்தனியே எழுதுவோம்.

இன்னும் திறக்காத பொதிகள் அலுமாரியில் இருக்கின்றன. சித்திரை விடுமுறையில் ஆய்வுகூடத்தில் வைத்து அவற்றை நிறுக்கப்போகிறோம். ஊரில் இருக்கும் அக்காமார் வந்து தராசுக்கு முன்னாலேயே உட்காரலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் நேரத்தைச் சொன்னால் தொலைபேசியில் காட்டுகிறோம். வருகிறவர்கள் மின்விசிறியைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டாம்.